ஆங்கிலம் அறிவோம்: ‘லிவ் அப் டு’ – யாருடைய எதிர்பார்ப்பு?

 

கல்வி உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி மாணவர்கள், ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதமும் எழுதித் தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஆண்டு அந்தக் கடிதங்களை வரிசையாக வைத்து வாசித்தபோது ஒரே வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ‘ஐ வில் லிவ் அப் டு யுவர் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்பதே அது. உங்கள் எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடந்துகொள்வேன் என்று பொருள். நல்ல வாக்கியம்தான். ஆனால் ஒருவர் ‘டு’வை விட்டுவிட்டார். சிலர் ‘அப்’பையும் ‘டு’வையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். இன்னொருவர் ‘லிவ்’ என்ற இடத்தில் ‘லீவ்’ என்று எழுதி, எதிர்பார்ப்பை விட்டுவிட்டுப் போவேன் என்பதுபோல் ஆக்கிவிட்டார். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது புரிந்தது.

பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. பொருள் தெரியாமல் எழுதிய வாக்கியம் பிறகு எங்கே காலை வாரும் என்பதை அதே மாதத்தில் பார்த்தோம். நம் உதவியில் பி.காம் முடித்த ஒரு பிள்ளை, வெளியூரில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு நம்மைப் பார்க்க வந்தார். கணக்குக் கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொல்லியிருக்கிறார். கடைசியில், ‘வில் யூ பி ஏபிள் டு லிவ் அப் டு அவர் எக்ஸ்பெக்டேஷன்ஸ்?’ என்று கேட்டிருக்கிறார்கள். இவர் காதில் ‘லிவ்’ மட்டும்தான் விழுந்திருக்கிறது. அந்த ஊரிலேயே தங்கி வேலை பார்க்க முடியுமா என்று கேட்கிறார்கள் என நினைத்து, ‘நோ சார், ஐ வில் கம் டெய்லி பை பஸ்’ என்று சொல்லிவிட்டார். எதிரே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். “அதுக்கப்புறம் கேட்ட எதுக்கும் வாய் வரல, பாய்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அவர் போன பிறகு அவருடைய பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் நமக்கு எழுதிய கடிதத்தில் அதே வாக்கியம் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருந்தது. நாமும் அதை வாசித்துவிட்டு, பொருள் தெரிந்துதான் எழுதினாயா என்று கேட்காமல், கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம். அந்தக் கடனைத் தீர்க்கவே இந்த இதழில் இந்தப் பாடம்.

சொல்லோடு சொல் சேர்ந்தால்

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு ‘அப்’, ‘டவுன்’, ‘ஆன்’, ‘டு’ போன்ற சிறு சொற்கள் சேர்ந்து, தனித்தனியே இல்லாத ஒரு புதிய பொருளைத் தந்தால் அதை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறார்கள். இந்தப் பெயர் 1925ஆம் ஆண்டு லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ என்னும் நூலின் வழியாகப் பரவியது. பெயர்தான் புதிது, வழக்கம் மிகப் பழையது. 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இப்படிச் சிறு சொல் சேர்ந்து பொருள் மாறுவது வெளிநாட்டாருக்குப் பெருஞ்சிரமம் தரும் என்று அதன் முன்னுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே இது நமக்குக் கடினமாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நம் மொழியிலும் இது உண்டு. ‘கண்டு’ என்றால் பார்த்து, ‘பிடி’ என்றால் பற்று. ஆனால் ‘கண்டுபிடி’ என்னும்போது பார்த்துப் பற்றுவதையா சொல்கிறோம்? ‘விட்டுக்கொடு’ என்பதில் விடுவதும் கொடுப்பதும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கிறது. தமிழ் படிக்க வரும் அயலார் இங்கே தடுமாறுவார்கள், நாம் தடுமாறுவதில்லை.

மதரஸாவில் அரபி இலக்கணம் ஓதிய பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிதாக விளங்கும். ‘ரகிப’ என்னும் வினையோடு ‘ஃபீ’ சேர்ந்தால் ஒன்றை விரும்பினான் என்று பொருள். அதே ‘ரகிப’வோடு ‘அன்’ சேர்ந்தால் அதை வேண்டாமென்று விலகினான் என்று பொருள். வினை ஒன்றுதான், பக்கத்தில் வந்த சிறு சொல் பொருளையே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டது. ஆங்கிலத்திலும் வினையை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லக் கூடாது. கூட வருவது யார் என்று பார்க்க வேண்டும்.

‘லிவ் அப் டு’ – பொருள்

‘லிவ்’ என்றால் வாழ். ‘அப்’ என்றால் மேலே. ‘டு’ என்பது நம் ‘க்கு’ உருபைப் போல ஓர் இலக்கைக் காட்டுவது. சின்னப் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தித் தலைக்கு மேலே கரிக்கட்டியால் ஒரு கோடு போடுகிறோம், அடுத்த பெருநாளைக்குள் இந்தக் கோட்டைத் தொட்டுவிடு என்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுதான் எதிர்பார்ப்பு. அந்த உயரத்துக்கு ஈடாக வாழ்ந்து காட்டுவதுதான் ‘லிவ் அப் டு’.

நம் பேச்சில் இதற்குச் சரியான சொற்கள் இருக்கின்றன. ‘வாப்பா பேரைக் காப்பாத்திட்டான்’ என்கிறோம். ‘பேர் சொல்லும் பிள்ளை’ என்கிறோம். இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்ல ‘லிவ் அப் டு’ போதும்.

இதிலுள்ள ‘லிவ்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். வாழ்வது ஒரு நாள் காரியம் அல்ல. ஆகவே ஒரே தடவையில் முடிந்துபோகும் காரியத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்குள் கொடுத்துவிட்டேன் என்பதற்கு ‘ஐ மெட் தி டெட்லைன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ‘லிவ்ட் அப் டு’ வராது. தகுதி மதிப்பெண், வயது வரம்பு போன்றவற்றுக்கும் ‘மீட்’ என்பதே சரி.

‘டு’வுக்குப் பின் என்ன வரும்?

எந்தச் சொல்லும் வந்துவிடாது. அடிக்கடி வருபவை இவை.

1. ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. எதிர்பார்ப்புகள் என்று பெரும்பாலும் பன்மையில் வரும். ‘தி ஹாஸ்டல் டிட் நாட் லிவ் அப் டு அவர் எக்ஸ்பெக்டேஷன்ஸ்.’ விடுதி நாம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மனிதர்களுக்கு மட்டுமல்ல, பொருளுக்கும் இடத்துக்கும் இது வரும் என்பதைக் கவனியுங்கள்.

2. ‘நேம்’, ‘ரெப்யூட்டேஷன்’. ‘தி ஷாப் லிவ்ஸ் அப் டு இட்ஸ் நேம்.’ பேருக்கு ஏற்ற கடை. கெட்ட பேருக்கும் இதைக் கேலியாகச் சொல்வதுண்டு. எப்போதும் தாமதமாக வரும் ஒருவர் இன்றும் தாமதமாக வந்தால், ‘ஹி லிவ்ட் அப் டு ஹிஸ் ரெப்யூட்டேஷன்’ என்பார்கள்.

3. ‘ஐடியல்ஸ்’, ‘பிரின்சிபிள்ஸ்’, ‘ஸ்டாண்டர்ட்ஸ்’. ‘இட் இஸ் ஹார்ட் டு லிவ் அப் டு அவர் ஐடியல்ஸ்.’ கொள்கை பேசுவது எளிது, அதன்படி நடப்பது கடினம்.

4. ‘பிராமிஸ்’. இதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கொடுத்த வாக்கு. மற்றொன்று, விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோமே, அந்த முளை. ‘ஹி லிவ்ட் அப் டு ஹிஸ் எர்லி பிராமிஸ்’ என்றால், சிறு வயதில் அவரிடம் தெரிந்த திறமை பிற்காலத்தில் பொய்க்கவில்லை என்று பொருள். அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்ததாகப் பொருள் அல்ல.

5. ‘ஹைப்’. விளம்பரத்தில் ஊதிப் பெருக்குவது. ‘தி போன் டிட் நாட் லிவ் அப் டு தி ஹைப்.’ விளம்பரத்தில் சொன்ன அளவுக்குப் போன் இல்லை.

எழுதும்போதும் பேசும்போதும்

முதலாவது, உச்சரிப்பு. எல், ஐ, வி, இ என்னும் நான்கு எழுத்தையும் இங்கே ‘லிவ்’ என்று குறுக்கிச் சொல்ல வேண்டும். ‘லைவ்’ என்று சொன்னால் அது நேரடி ஒளிபரப்பு. ‘லீவ்’ என்று நீட்டினால் புறப்பட்டுப் போவது, அதற்கு எழுத்தும் வேறு.

இரண்டாவது, ‘அப்’ வேறு, ‘டு’ வேறு. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டு எழுத வேண்டும். நம் நாட்டில் அறிவிப்புப் பலகைகளிலும் படிவங்களிலும் சேர்த்து எழுதிப் பழகிவிட்டார்கள். தேர்வுத் தாளில் அதைப் பிழையென்று எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, காலத்துக்கு ஏற்ப மாறுவது ‘லிவ்’ மட்டுமே. ‘லிவ்ஸ் அப் டு’, ‘லிவ்ட் அப் டு’, ‘லிவிங் அப் டு’ என்று வரும்.

நான்காவது, மூன்று சொற்களையும் பிரிக்கக் கூடாது. ‘லிவ் அப் டு இட்’ என்பதே சரி. ‘லிவ் இட் அப் டு’ என்று நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது.

ஐந்தாவது, இங்குள்ள ‘டு’வுக்குப் பின் பெயர்ச்சொல்தான் வரும், வினைச்சொல் நேராக வராது. இதே விதி ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்கும் உண்டு. ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று பொருள்படும் அதை நம் பிள்ளைகள் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறார்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர்’ என்பது பிழை. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று எழுதுங்கள்.

ஆறாவது, கேள்வியாக மாறும்போது ‘டு’ வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்கும். ‘ஹூஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ் ஆர் யூ டிரையிங் டு லிவ் அப் டு?’ நீ யாருடைய எதிர்பார்ப்புக்கு ஈடாக வாழப் பார்க்கிறாய்? இந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். ‘லிவ் இட் அப்’ என்று வேறொரு சொற்றொடர் இருக்கிறது. ஆடிப்பாடி, காசை இறைத்துக் கொண்டாடுவது என்று அதற்குப் பொருள். நேர்முகத் தேர்வில் ‘டு’வை விழுங்கிவிட்டு ‘ஐ வில் லிவ் இட் அப்’ என்று சொல்லிவிடாதீர்கள். உதவித் தொகை கேட்கும் கடிதத்தில் அப்படி எழுதினால் நிலைமை இன்னும் மோசம்!

எட்டாதபோது என்ன சொல்வது?

கோட்டைத் தொட்டவர்களுக்கு ‘லிவ் அப் டு’ இருக்கிறது. தொட முடியாமல் போனால்? அதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்றொடர்கள் அதிகமாகப் புழங்குகின்றன. இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், ஒன்று அல்ல. இந்தப் பாடத்தில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

ஒன்று, ‘ஃபால் ஷார்ட் ஆஃப்’. அளவில் குறைந்துபோவது. ‘தி மார்க்ஸ் ஃபெல் ஷார்ட் ஆஃப் அவர் எக்ஸ்பெக்டேஷன்ஸ்.’ மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிட்டது. கோட்டுக்கும் தலைக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்வது போன்றது. இதில் குற்றச்சாட்டு இல்லை.

இன்னொன்று, ‘லெட் டவுன்’. நம்பியவரைக் கைவிடுவது, காலை வாரிவிடுவது. ‘ஷி லெட் அஸ் டவுன்.’ அவள் எங்களைக் கைவிட்டுவிட்டாள். இதில் அளவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆளைப் பற்றித்தான் பேச்சு. இலக்கணத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. யாரைக் கைவிட்டார் என்பதைப் பிரதிப்பெயரால் சொன்னால் அது நடுவில் வர வேண்டும். ‘லெட் அஸ் டவுன்’ சரி, ‘லெட் டவுன் அஸ்’ பிழை. நம்பிய ஆள் நடுவில் மாட்டிக்கொள்கிறார் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு ப்ளஸ் டூ முடிவு வந்த பிறகு ஒரு வாப்பா தம் மகளை அழைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். மருத்துவம் படிக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. கிடைத்த மதிப்பெண் அதற்குப் போதவில்லை. அலுவலகத்தில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோர் முன்னிலையிலும் அவர், “எங்க எல்லாரையும் கவுத்துட்டா, பாய்” என்றார். அந்தப் பிள்ளை துப்பட்டாவின் நுனியைத் திருகிக்கொண்டே நின்றது. மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். உயிரியலிலும் வேதியியலிலும் நன்றாகவே வாங்கியிருந்தது. அதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆமா, மார்க் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்” என்றார். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தது.

‘கவுத்துட்டா’ என்பது ‘லெட் டவுன்’. ‘மார்க் குறைஞ்சுபோச்சு’ என்பது ‘ஃபால் ஷார்ட் ஆஃப்’. முதல் வாக்கியத்தில் எழுவாய் பிள்ளை, இரண்டாவதில் எழுவாய் மதிப்பெண். குறைந்த மதிப்பெண்ணைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். எங்கே குறைந்தது, ஏன் குறைந்தது, வேறு எந்தப் படிப்புக்கு இது போதும் என்று பார்க்கலாம். எல்லாரையும் கவிழ்த்துவிட்டவள் என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையோடு அதற்குப் பிறகு எதைப் பேசுவது? அந்தப் பிள்ளை இப்போது மருந்தியல் படிக்கிறது.

யாருடைய எதிர்பார்ப்பு?

‘எதிர்பார்’ என்னும் நம் சொல்லுக்குள்ளே ‘பார்’ இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘எக்ஸ்பெக்ட்’ என்பதற்குள்ளும் அதுவே இருக்கிறது. பார்த்தல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. வேடிக்கை பார்ப்பவரை ‘ஸ்பெக்டேட்டர்’ என்பதும் அந்த வேர்தான். ஆக, எதிர்பார்ப்பவரின் வேலை பார்ப்பது. ‘லிவ் அப் டு’ என்று வாழ வேண்டியவர் வேறொருவர். பார்ப்பவருக்கு அது எளிது.

‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், பிற்காலத்தில் வந்து சேரப்போகும் சொத்து என்றும் ஒரு பொருள் இருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாரத் தொடராக எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் தலைப்பில் அந்தப் பொருளும் கலந்திருக்கிறது. பிப் என்னும் அநாதைச் சிறுவனை அக்காளும் அவள் கணவர் ஜோவும் வளர்க்கிறார்கள். ஜோ ஒரு கொல்லர். பெயர் சொல்லாத ஒருவர் பணம் கொடுத்துப் பிப்பை லண்டனுக்கு அனுப்பிப் பெரிய மனிதனாக்கப் பார்க்கிறார். பணம் கொடுத்தவர் ஊரிலுள்ள பணக்காரப் பெண்மணி என்று பிப் நினைத்துக்கொள்கிறான். அந்தப் பெரிய இடத்துக்கு ஈடாக வாழவேண்டும் என்றே தவிக்கிறான். தன்னைப் பார்க்க லண்டனுக்கு வந்த ஜோவின் பேச்சும் உடையும் அவனுக்கு வெட்கமாக இருக்கின்றன. கடைசியில் பணம் கொடுத்தவர், அவன் சிறுவனாக இருந்தபோது பயந்துகொண்டே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த, சிறையிலிருந்து தப்பிவந்த ஒரு கைதி என்று தெரிகிறது. அந்தப் பணமும் கைக்கு இல்லாமல் போகிறது. அவன் நோயில் விழுந்தபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவரும், அவன் கடனை அடைத்தவரும் ஜோதான். அவர் அவனிடம் எதையும் எதிர்பார்த்தவர் அல்லர்.

கல்வி உதவி கொடுக்கும் நமக்கும், வாங்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையில் பாடம் இருக்கிறது. ‘உங்கள் எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடப்பேன்’ என்று இத்தனை பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். நம் எதிர்பார்ப்பு என்னவென்று நாம் அவர்களுக்கு ஒரு தடவையாவது சொன்னோமா? சொல்லவில்லை. சுவரில் கோடு போடாமலே தொடு என்று சொல்லியிருக்கிறோம். இப்போது சொல்லிவிடுகிறோம். வகுப்புக்கு ஒழுங்காகப் போக வேண்டும். தோற்ற பாடம் இருந்தால் மறைக்காமல் நம்மிடம் சொல்ல வேண்டும். உங்களைப் படிக்க அனுப்பியவர்களைக் கண்டு வெட்கப்படக் கூடாது. இவ்வளவுதான் நம் எதிர்பார்ப்பு. முதல் வகுப்பில் தேறுவதும் பெரிய வேலைக்குப் போவதும் உங்கள் முயற்சி, உங்கள் நஸீப்.

நம்மைப் பற்றி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வாரம் மூன்று நாள் மாலையில் ஆங்கில வகுப்பு நடத்துவதாக இதே மடலில் அறிவித்தோம். நான்கு மாதம் நடந்தது. ஆசிரியர் வேறு ஊருக்கு மாறிப்போனார். வேறொருவரைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே விட்டுவிட்டோம். பிறகு அந்த வகுப்பைப் பற்றி யாரும் நம்மைக் கேட்கவில்லை. கேட்காததும் நமக்கு வசதியாகப் போய்விட்டது. மேலே சொன்ன பி.காம் பிள்ளையும் அந்த வகுப்பில் பெயர் கொடுத்திருந்தவர்தான்.

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘தி கிளாஸ் ஃபெல் ஷார்ட் ஆஃப் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் நாம் தப்பித்துக்கொள்கிறோம். இங்கே ‘வீ லெட் தெம் டவுன்’ என்பதே சரியான வாக்கியம். நாம் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டோம். பிறருடைய குறையைச் சொல்லும்போது ‘ஃபால் ஷார்ட்’ என்று அளந்து சொல்வதும், நம் குறையைச் சொல்லும்போது ‘லெட் டவுன்’ என்று ஒப்புக்கொள்வதும் நல்ல பழக்கம். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகவே செய்துவருகிறோம்.

இன்ஷா அல்லாஹ், வரும் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலக மாடியில் வகுப்பு மீண்டும் தொடங்கும். மூன்று நாள் என்று பெரிதாகச் சொல்லவில்லை, ஒரு நாள்தான். நம்மால் ‘லிவ் அப் டு’ செய்ய முடிந்த அளவைத்தான் இந்தத் தடவை சொல்கிறோம்.

கடிதத்திலும் நேர்முகத் தேர்விலும்

அடுத்த ஆண்டு கடிதம் எழுதும் பிள்ளைகள் பழைய வாக்கியத்தையே எழுதலாம், தவறில்லை. இன்னும் நன்றாக எழுத விரும்பினால் இப்படி எழுதுங்கள்: ‘ஐ வில் டூ மை பெஸ்ட் டு லிவ் அப் டு தி டிரஸ்ட் யூ ஹாவ் பிளேஸ்ட் இன் மீ.’ என் மீது நீங்கள் வைத்த நம்பிக்கைக்கு ஏற்ப நடக்க என்னால் ஆனதைச் செய்வேன். முடிப்பேன் என்று வாக்குக் கொடுப்பதைவிட, முயல்வேன் என்பது உண்மைக்கு நெருக்கமானது. அதற்குக் கீழே, என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை உங்கள் சொந்த வாக்கியத்தில் இரண்டு வரி எழுதுங்கள். பார்த்து எழுத முடியாத வரிகள் அவைதாம்.

நேர்முகத் தேர்வில் ‘லிவ் அப் டு’ என்று கேள்வி வந்தால் பதற்றம் வேண்டாம். ‘மே ஐ நோ வாட் யூ எக்ஸ்பெக்ட் ஃப்ரம் மீ இன் தி ஃபர்ஸ்ட் சிக்ஸ் மந்த்ஸ்?’ என்று பணிவாகத் திருப்பிக் கேளுங்கள். முதல் ஆறு மாதத்தில் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா என்பது பொருள். கோடு எங்கே என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒரு சொல் காதில் சரியாக விழாவிட்டால் ‘சாரி சார், குட் யூ ரிப்பீட் தி கொஸ்டின்?’ என்று கேட்டுவிடுங்கள். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் போர்டைப் பார்ப்பது போலத்தான் இது.

பயிற்சி

கீழுள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஒருவர் கேட்க, மற்றவர் சொன்னால் இன்னும் நல்லது.

1. அந்தக் கடை பேருக்கு ஏற்ற கடை.
2. வசூல் நாம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிட்டது.
3. கடைசி நேரத்தில் அவர் எங்களைக் கைவிட்டுவிட்டார்.
4. ராத்தா எடுத்த பேருக்கு ஈடுகொடுக்க வேண்டிய சுமை அவளுக்கு இருக்கிறது.
5. உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

விடைகள்: 1. ‘தட் ஷாப் லிவ்ஸ் அப் டு இட்ஸ் நேம்.’ 2. ‘தி கலெக்‌ஷன் ஃபெல் ஷார்ட் ஆஃப் அவர் எக்ஸ்பெக்டேஷன்ஸ்.’ 3. ‘ஹி லெட் அஸ் டவுன் அட் தி லாஸ்ட் மினிட்.’ 4. ‘ஷி ஹாஸ் எ லாட் டு லிவ் அப் டு.’ 5. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.’

நான்காவது விடையில் ராத்தாவின் பெயரே வரவில்லை என்பதைப் பாருங்கள். ‘எ லாட் டு லிவ் அப் டு’ என்றாலே, முன்னால் ஒருவர் பெரிய பேர் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார், பின்னால் வருபவருக்கு அது சுமையாக இருக்கிறது என்பது புரிந்துவிடும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தங்கையோ தம்பியோ இருந்தால், இந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

அந்த பி.காம் பிள்ளைக்கு அடுத்த மாதம் இன்னொரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் முதல் நாளில் முதல் பெயராக அவர் பெயரை எழுதியிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள். வஸ்ஸலாம்.